அழுகின்ற உள்ளத்துக்கு ஆண்டவரின் வார்த்தை

(பங்கின் யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற விவிலிய மாலையில் ஆற்றிய உரை)

 

யூபிலி என்பது மகிழ்ச்சியின் காலம். கொடி ஏறியிருக்கிறது, கோயில் வெள்ளை பூசி விளக்கொளியில் மின்னுகிறது, சப்பரம் அலங்கரிக்க இளைஞர்கள் இரவு பகலாக உழைக்கிறார்கள். இந்த வேளையில் துன்பத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று நீங்கள் எண்ணலாம். ஆனால் இந்தக் கூட்டத்திலேயே, விழாவுக்கு உடல் வந்தும் உள்ளம் வராதவர்கள் சிலர் இருக்கிறார்கள் என்பதை நான் அறிவேன். சென்ற திருவிழாவில் அருகில் நின்ற கணவன் இந்தத் திருவிழாவில் இல்லை. மில்லில் வேலை இழந்து, அதை வீட்டில் சொல்லத் துணிவின்றி, ஷிப்டுக்குப் போவதுபோல் சாப்பாட்டுத் தூக்குடன் புறப்படுகிற தகப்பன் ஒருவன் இருக்கலாம். மகளின் திருமண வாழ்வு முறிந்ததை யாரிடமும் சொல்லாத தாய் ஒருத்தி இருக்கலாம். அவர்களை விட்டுவிட்டு நாம் எப்படி யூபிலி கொண்டாடுவது? ஆகவே இன்று நான் அவர்களோடுதான் பேச விரும்புகிறேன்.

யோபுவின் கதை கேட்ட ஒருவர்

நமக்கு அண்மையில் நடந்த ஒரு வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன். அன்றைய திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில், 1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் நீலகண்ட பிள்ளை பிறந்தார். மன்னர் மார்த்தாண்ட வர்மரின் அரசில் பொறுப்பான பதவி வகித்தார். செல்வமும் செல்வாக்கும் இருந்தன. இடையில் அவர் குடும்பத்துக்கு இழப்புக்குமேல் இழப்பு வந்தது. கால்நடைகள் மடிந்தன, பயிர் அழிந்தது, மனம் உடைந்தது என்று அவரது வரலாறு சொல்கிறது.

அந்த வாட்டத்தைக் கண்டுகொண்டவர் டிலனாய் என்னும் தளபதி. 1741-இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுப் படையைச் சேர்ந்த அவர், பின்னர் அதே மன்னரின் படைக்குப் பயிற்சி அளிப்பவராக ஆனார். அவர் நீலகண்டருக்கு விவிலியத்திலிருந்து யோபுவின் கதையை எடுத்துச் சொன்னார். அந்தக் கதையே வாசலாயிற்று. 1745 மே 14-ஆம் நாள் வடக்கன்குளத்தில் சேசு சபைக் குரு புத்தாரி அடிகளிடம் திருமுழுக்குப் பெற்று, தேவசகாயம் ஆனார். 1749-இல் சிறைப்பட்டு, மூன்றாண்டுக் காலம் சொல்லொணாச் சித்திரவதைகளை அனுபவித்து, 1752 ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 2022 மே 15-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினருள் முதல் புனிதர் அவரே.

இந்த வரலாற்றில் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். முதலாவது, ஆறுதல் சொன்னவர் யார்? போரில் தோற்றவர், சொந்த நாட்டைக் கடலுக்கு அப்பால் விட்டவர். காயப்பட்டவரே காயப்பட்டவருக்கு யோபுவை எடுத்துச் சொன்னார். அதனால்தான் அந்தச் சொல் உள்ளே இறங்கிற்று. இரண்டாவது, யோபுவின் கதை கேட்ட தேவசகாயத்துக்கு இழந்த செல்வம் திரும்பிற்றா? இல்லை. இருந்த பதவியும் போயிற்று. விலங்கும் சாட்டையும் வந்தன. அப்படியானால் இறைவார்த்தை தருகிற ஆறுதல், இழந்ததைத் திருப்பித் தருவது அன்று. இழந்த பிறகும் இறைவனுடைய கையை விடாமல் நிற்கச் செய்வதே அது.

நண்பர்கள் செய்த நன்மையும் தவறும்

யோபு நூலில் 42 அதிகாரங்கள் உள்ளன. நம்மில் பலருக்குத் தெரிந்தது முதல் இரண்டும் கடைசியும்தான். பொறுமையாக எல்லாவற்றையும் தாங்கிய யோபு, முடிவில் இரட்டிப்பாகப் பெற்ற யோபு என்று சொல்லி முடித்துவிடுகிறோம். நடுவில் உள்ள யோபு யார்? மூன்றாம் அதிகாரத்திலேயே தாம் பிறந்த நாளைச் சபிக்கிறார். கடவுளை வழக்குக்கு அழைக்கிறார். இரவெல்லாம் புரண்டு புலம்புகிறார்.

அவருடைய நண்பர்கள் மூவரும் செய்த நன்மை ஒன்று உண்டு. துயரச் செய்தி கேட்டு வந்து, ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். பேசத் தொடங்கியபோதுதான் தவறினார்கள். நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இது வந்தது என்று விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள். கடைசி அதிகாரத்தில் ஆண்டவர் சினம் கொள்வது யார்மீது? முறையிட்ட யோபுமீது அன்று; தமக்காக வாதாடிய நண்பர்கள்மீது! யோபு பேசியதே சரி என்கிறார் ஆண்டவர்.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன் என்பதைவிடப் பட்டுத் தெரிந்துகொண்டேன் என்பதே உண்மை. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் மூத்த மகளைக் கல்லறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தோம். அந்த வாரத்தில் வீட்டுக்கு வந்தவர்கள் நல்ல மனதோடுதான் வந்தார்கள். "எல்லாம் ஆண்டவர் சித்தம், விசுவாசிகள் அழலாமா?" என்றார்கள். அதன் பிறகு பல மாதங்கள் நான் வேதப் புத்தகத்தைத் திறக்கவில்லை. கோயிலுக்கு வந்தேன், பூசை கண்டேன், உதடு செபித்தது. உள்ளம் கதவடைத்துக் கிடந்தது.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருந்தார். நம் மதத்தைச் சேர்ந்தவர் அல்லர்; மார்கழி தவறாமல் ஆண்டாள் கோயிலுக்குப் போகிறவர். துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்று தூக்குச் சட்டியில் கஞ்சி கொண்டுவந்து வைத்தார். பிறகு திண்ணையில் என் மனைவியின் அருகே உட்கார்ந்துகொண்டார். மூன்று நாளும் வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னாளில் யோபு நூலின் இரண்டாம் அதிகாரத்தைப் படித்தபோது, அந்தத் தரையில் அமர்ந்திருந்தவர்களோடு அந்தப் பாட்டியும் எனக்குத் தெரிந்தார். எலியா தீர்க்கதரிசியை நினைத்துக்கொண்டேன். சாக வேண்டும் என்று சூரைச் செடியின் கீழ் படுத்த அவருக்கு, வானதூதர் பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மீண்டும் தூங்கவிட்டார், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். இறைவனுடைய முதல் ஆறுதல் சில வேளைகளில் ஒரு சட்டிக் கஞ்சியாகவே வருகிறது.

அழுவதற்கு உரிமை

அடைத்த புத்தகம் எப்படித் திறந்தது என்று கேட்பீர்கள். ஒரு நாள் இரவு உறக்கம் வராமல், எந்த எண்ணமும் இன்றி எடுத்தேன். நம் முன்னோர் சங்கீதங்கள் என்று அழைத்த திருப்பாடல்களில் 88-ஆவது கண்ணில் பட்டது. துயரத்தில் தொடங்கும் மற்றப் பாடல்கள் பெரும்பாலும் புகழ்ச்சியில் முடியும். இது அப்படியன்று, இருளிலேயே தொடங்கி இருளிலேயே முடிகிறது. ஆயினும் திருச்சபை அதை நீக்கிவிடவில்லை. தன் செபப் புத்தகத்தில் வைத்துக் காலங்காலமாகச் செபித்து வருகிறது. என் வாய்க்கு வராததை எனக்காக ஒருவர் எழுதி வைத்திருக்கிறாரே என்று அன்றுதான் வாய்விட்டு அழுதேன். அது விசுவாசக் குறைவு அன்று. பல மாதங்களுக்குப் பின் நான் செய்த முதல் உண்மையான செபம் அதுவே.

150 திருப்பாடல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்களே. நம் ஆண்டவர் இயேசு சிலுவையில் தொங்கியபோது, 22-ஆம் திருப்பாடலின் தொடக்கத்தைத்தான் உரக்கக் கதறினார். அருளப்பர் எனப்படும் யோவான் எழுதிய நற்செய்தியின் 11-ஆம் அதிகாரத்தில், இலாசரின் கல்லறை அருகே அவர் கண்ணீர் விட்டார். சற்று நேரத்தில் அவனை உயிர்ப்பிக்கப் போகிறோம் என்று தெரிந்திருந்தும் அழுதார். உயிர்ப்பில் நம்பிக்கை உள்ளவன் அழக்கூடாது என்பது உண்மையானால், அவரல்லவா அழாமல் இருந்திருக்க வேண்டும்? இலாசர் என்ற பெயருக்குக் கடவுளின் உதவி என்பது பொருள். தேவசகாயம் என்பது அதே பெயரின் தமிழ் வடிவமே.

நம்மூர்த் துணி சொல்லும் பாடம்

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள் என்பது உங்கள் அனைவருக்கும் தெரியும். உங்களில் சிலர் அந்தத் தொழிலில் இருப்பவர்கள். வேட்டியைப்போல் அதை நெருக்கி நெய்வதில்லை. இழைக்கு இழை இடைவெளி விட்டுத்தான் நெய்கிறோம். ஏன்? அது கசிவை உறிஞ்ச வேண்டும், காற்றும் உள்ளே போகவேண்டும். காயத்தைக் குணமாக்குவது துணி அன்று. குணமாகும்வரை காத்துநிற்பது மட்டுமே அதன் வேலை. துன்பப்படுகிறவரிடம் நாம் பேசும் வார்த்தையும் அப்படித்தான் இருக்கவேண்டும். வசனத்தின்மேல் வசனமாக அடுக்கி இறுக்கிக் கட்டினால் காயம் உள்ளேயே புரையோடும்.

நடைமுறைக்குச் சில வார்த்தைகள். துயரத்தில் இருப்பவர் நீண்ட பகுதிகளைப் படிக்க முயலவேண்டாம். இரவில் ஒரு திருப்பாடல், அதுவும் வாய்விட்டு, போதும். கோபமா? யோனா நூலின் கடைசி அதிகாரத்தைப் படியுங்கள். கோபித்த தீர்க்கதரிசியோடு ஆண்டவர் எவ்வளவு பொறுமையாகப் பேசுகிறார் என்று பாருங்கள். குற்றவுணர்ச்சியா? லூக்கா நற்செய்தியின் 15-ஆம் அதிகாரம் இருக்கிறது. அச்சமா? கெத்சமனித் தோட்டத்துக்குப் போங்கள். அங்கே அஞ்சி நடுங்குகிறவர் நம் மீட்பர். படிக்கவே முடியாத நாளில் செபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு வியாகுல அன்னையின் அருகே சும்மா இருங்கள். அவளும் சிலுவையடியில் பேசவில்லை; நின்றாள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். வாரக்கணக்கில் உறக்கமின்றி, உணவின்றி, வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், மருத்துவரிடம் செல்லுங்கள். அது விசுவாசத்துக்கு விரோதமன்று. சீராக் நூலின் 38-ஆம் அதிகாரம் மருத்துவரை மதிக்கச் சொல்கிறது. அவரை உண்டாக்கியவர் ஆண்டவரே என்கிறது. அப்படி யாரையேனும் இழந்த குடும்பம் நம்மிடையே இருந்தால், அவர்களிடம் நாம் கிசுகிசுக்க வேண்டாம். 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் அத்தகையோருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது; 1983-ஆம் ஆண்டின் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி நூல், அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கலாகாது என்றும், திருச்சபை அவர்களுக்காகச் செபிக்கிறது என்றும் போதிக்கிறது. தாய் திருச்சபையே செபிக்கும்போது, நாம் தீர்ப்பிட யார்?

அன்பார்ந்தவர்களே! இந்த யூபிலி ஆண்டில் நம் கோயிலுக்குப் பலவற்றைச் செய்கிறோம். அவற்றோடு இதையும் செய்வோம். நம் தெருவில் துக்கத்தில் இருக்கும் ஒரு வீட்டை ஒவ்வொருவரும் தேர்ந்துகொள்வோம். விளக்கம் கொண்டுபோக வேண்டாம்; கஞ்சி கொண்டுபோவோம். அருகில் உட்காருவோம். அவர்கள் கேட்டால், அப்போது யோபுவின் கதையைச் சொல்வோம். அன்று நீலகண்டருக்கு ஒருவர் சொன்ன அந்தக் கதை ஒரு புனிதரைத் தந்தது. நாம் சொல்லப்போகும் கதை யாரை உருவாக்கும் என்று யாருக்குத் தெரியும்?

புனித தேவசகாயமே, துயருறும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். இறைவனுக்கே புகழ்!