நடப்பவரே சாலைப் பணிக்குச் சான்று தர வேண்டும்



கல்லாற்றிலிருந்து பொன்முடிக்கு ஏறும் சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சுற்றுலாப் பயணிகள் அவற்றை வாகனத்தில் அமர்ந்தபடி எண்ணுகிறார்கள். தோட்டத் தொழிலாளர்கள் அதே சாலையின் ஓரத்தில் சுமையோடும் குழந்தைகளோடும் நடக்கிறார்கள். 2022ஆம் ஆண்டு மழையில் இச்சாலையின் ஒரு பகுதியே சரிந்து போக்குவரத்து நின்றது. அது செய்தியாயிற்று. ஆனால் தார் விளிம்பில் கால் இடறி விழுவது செய்தியாவதில்லை.

அது கணக்கிலும் வருவதில்லை. 2022ஆம் ஆண்டில் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் பாதசாரிகள் என்று ஒன்றிய அரசின் அறிக்கை கூறுகிறது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். வாகனம் மோதினால்தான் இந்தக் கணக்கு. பெயர்ந்த கல்லில் தடுக்கி இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டிக்கு இதில் இடமில்லை. கூலி இழந்த நாட்களுக்கும் மருத்துவச் செலவுக்கும் அந்தக் குடும்பமே பொறுப்பேற்கிறது.

செய்த பணி ஏன் நிலைப்பதில்லை? குழாய்க்கும் கேபிளுக்கும் பாதை தோண்டப்படுகிறது. மண்ணை அடுக்கடுக்காக இட்டுக் கெட்டிக்க வேண்டும், அள்ளிப்போட்டு மூடிவிடுகிறார்கள். முதல் மழையில் அது அமிழ்கிறது. ஓரத் தடுப்பு இல்லாமல் பதித்த கற்கள் விலகுகின்றன. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே தார் இடுவதால் சாலை உயர்ந்து, ஓரம் படிபோல் தாழ்கிறது. வடிகால் மூடியில் கம்பி துருத்தி நிற்கிறது. இவை எதுவும் பொறியாளர்கள் அறியாதவை அல்ல. தோண்டியவர் ஒருவர், மூடியவர் ஒருவர், பட்டியலில் கையெழுத்திட்டவர் ஒருவர். அந்த வழியே நடப்பவரிடம் மட்டும் எவரும் கேட்பதில்லை. சிக்கலின் வேர் இதுவே.

சட்டம் இன்று நடப்பவர் பக்கம் நிற்கிறது. சாலைப் பாதுகாப்புக்காகக் கோவை மருத்துவர் இராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு முக்கிய உத்தரவைப் பிறப்பித்தது. முறையான நடைபாதை, அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றும், அது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தத்தக்கதாக இருக்க வேண்டும் என்றும் அது கூறியது. அதே ஆண்டு அக்டோபரில் 50 நகரங்களின் நடைபாதைகளைத் தணிக்கை செய்யவும் ஆணையிட்டது. அதே மாதம் பம்பாய் உயர் நீதிமன்றம், சாலைக் குழிகளாலும் திறந்த சாக்கடைக் குழிகளாலும் இறப்போரின் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்றது.

இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் 50 நகரங்களின் தணிக்கை மலைக்கிராமத்துக்குத் தானாக வந்து சேராது. தீர்ப்பை நடைமுறையாக்குவது அமைப்பாகத் திரண்ட மக்களின் வேலை.

அதற்கான கருவிகள் கேரளத்தில் உள்ளன. 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், பணிகளைத் தேர்வு செய்வதிலும் கண்காணிப்பதிலும் கிராம சபைக்கு இடம் தந்தது. 2021 டிசம்பரில் பொதுப்பணித் துறை, பராமரிப்புப் பொறுப்புக் காலம் முடியாத சாலைகளில் ஒப்பந்ததாரர், பொறியாளர் ஆகியோரின் தொடர்பு விவரங்களைப் பலகையில் எழுதி வைக்கத் தொடங்கியது. அக்காலத்தில் ஏற்படும் பழுதை ஒப்பந்ததாரர் தம் செலவில் சரிசெய்தாக வேண்டும். இம்முறை சாலையோரத்துக்கும் நடைபாதைக்கும் தோண்டி மூடிய ஒவ்வொரு பள்ளத்துக்கும் விரிய வேண்டும்.

கட்சிக் கிளைகளின் பணி தெளிவானது. லயத்திலிருந்து பேருந்து நிறுத்தம், பள்ளி, ரேஷன் கடை, சுகாதார நிலையம் வரை முதியோரையும் மாற்றுத்திறனாளிகளையும் உடன் அழைத்து நடக்க வேண்டும். இடறும் இடங்களைப் படமெடுத்துப் பட்டியலிட வேண்டும். பணி யாருடையது, பொறுப்புக் காலம் எப்போது முடிகிறது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே கேட்டுப் பெற வேண்டும். இறுதித் தொகை வழங்குவதற்கு முன் ஒருமுறையும், முதல் பருவமழைக்குப் பின் மறுமுறையும், நடப்பவர்களை வைத்தே ஆய்வு நடத்தக் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவர வேண்டும். சாலை பொதுப்பணித் துறையுடையது என்பது இதற்குத் தடையாகாது.

ஒரு எச்சரிக்கையும் தேவை. நடைபாதையை மீட்பதாகக் கூறித் தெருவோர வியாபாரிகளை விரட்டும் முயற்சிக்கு இக்கோரிக்கை துணைபோகக் கூடாது. 2014ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களின் வாழ்வாதாரத்துக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. நடப்பவரும் விற்பவரும் ஒரே வர்க்கத்தினர்.

இது சிறிய கோரிக்கை என்று சிலர் கருதலாம். கொழுந்துக் கூடையோடு இறங்கும் பெண் தொழிலாளிக்கு அது அன்றாடக் கோரிக்கை. அவர் "பாதை சரியாக இருக்கிறது" என்று கூறும்வரை பணி முடிந்ததாக எந்த அதிகாரியும் கையெழுத்திடக் கூடாது. அந்த நிலையை உருவாக்கும் போராட்டத்தைப் பொன்முடியிலிருந்தே தொடங்குவோம்!