உடம்பையும் மனசையும் சேர்த்துக் கேட்போம்

(ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரை படித்தவள். வீட்டு வேலைதான் என் வேலை. உடல் எடை, சர்க்கரை, பி.பி., மனக்கவலை இந்த நாலும் எப்படிப் பின்னிக் கிடக்குதுன்னு நான் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்கிறேன்.

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 40 பேர் எடை கூடியவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 31 பேர்தான். நாம என்ன சும்மா உட்கார்ந்தா சாப்பிடுறோம்? ஆனாலும் ஏறுது. காலையில் வெறும் டீ. ராத்திரி எல்லாரும் சாப்பிட்ட பிறகு, மீந்த சோறு வீணாகக் கூடாதுன்னு நாமே சாப்பிட்டு உடனே படுக்கிறோம். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் தறி வேலை பார்க்கும் வீடுகளில் நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்து நூல் சுற்றும் பெண்கள் எத்தனை பேர்!

தையல் டேப் எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால், அதாவது சுமார் முப்பத்தொன்றரை இஞ்ச், சர்க்கரையும் பி.பி.யும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போ மனசுக்கு வருவோம். சென்னையில் 25 ஆயிரம் பேருக்கு மேல் விசாரித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், 100க்கு 15 பேருக்கு மனச்சோர்வு இருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். மனசு சோர்ந்தால் நடக்கத் தோணாது, தூக்கம் கெடும், மாத்திரை மறந்துபோகும். கவலையில் சுரக்கும் ஹார்மோனும் சர்க்கரையை ஏற்றும். சர்க்கரை ஏறினால் உடம்பு அசதி, அதனால் இன்னும் கவலை. செக்கு மாடு மாதிரி ஒரே இடத்தில் சுற்றும்.

எங்கள் குழுவில் ஒரு அக்கா மூணு மாசம் கூட்டத்துக்கு வரவில்லை. தவணையை மட்டும் மகனிடம் கொடுத்தனுப்புவாங்க. "குண்டாயிட்டா, சோம்பேறி ஆயிட்டா"ன்னு ஊரில் பேச்சு. ஊக்குநரும் நானும் வீட்டுக்குப் போனோம். சர்க்கரை மாத்திரை அட்டை பிரிக்காமலே இருந்தது. "எதுக்குடி மாத்திரை, யாருக்காக இருக்கணும்"னாங்க. அது சோம்பல் இல்லைங்க, நோய். அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். இப்போ சர்க்கரைக்கும் மனசுக்கும் சேர்த்து வைத்தியம் நடக்குது. கூட்டத்துக்கும் வர்றாங்க.

இப்படிச் சேர்த்துப் பார்த்தால் பலன் உண்டான்னு கேட்பீங்க. சென்னை, பெங்களூரு, டெல்லி, விசாகப்பட்டினம் ஆகிய இடங்களில் நாலு மருத்துவமனைகளில், சர்க்கரையும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 404 பேரிடம் சோதித்துப் பார்த்து 2020இல் வெளியிட்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம். மறு பாதிக்கு அதோடு, பயிற்சி பெற்ற ஒரு பணியாளர் தொடர்ந்து பேசி விசாரித்து, டாக்டர்களிடம் எடுத்துச் சொன்னார். அவர் டாக்டர் இல்லை. 2 வருஷம் கழித்து, மனச்சோர்வு பாதியாவது குறைந்து, சர்க்கரை, பி.பி., கொழுப்பு இவற்றில் ஒன்றாவது நன்றாகக் குறைந்தவர்கள், விசாரிக்க ஆள் இருந்தவர்களில் 100க்கு சுமார் 72 பேர். மற்றவர்களில் 57 பேர்.

விசாரிப்பதும் வைத்தியத்தில் ஒரு பங்கு சகோதரிகளே. 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு தேடி வந்து சர்க்கரை, பி.பி. பார்ப்பவர்களும் நம் குழுப் பெண்கள்தானே!

அதனால் தீர்மான நோட்டில் மூணு விஷயம் எழுதுவோம். ஒன்று, மாதம் ஒரு கூட்டத்தில் இடுப்பளவு, மாத்திரை அட்டை ரெண்டையும் பார்ப்போம். ரெண்டு, தவணை கேட்பது போலவே "மனசு எப்படி இருக்கு, தூக்கம் வருதா"ன்னு கேட்போம். சொன்னதை வெளியில் பேச மாட்டோம். மூணு, ரெண்டு கூட்டம் வராதவங்க வீட்டுக்கு ரெண்டு பேர் போவோம். 'செத்துப்போகலாம்' என்ற பேச்சு வந்தால் தனியாக விடாமல் டாக்டரிடம் கூட்டிப்போவோம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம்.

உருவத்தை வைத்துக் கேலி பேசுவதையும் நிறுத்துவோம். முருகன் மலையின் 365 படியை ஒரே மூச்சில் ஏற முடியாது. துணைக்கு ஆள் இருந்தால் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிவிடலாம். அந்தத் துணைதான் நம்ம குழு.