வேலைக்குப் போனால் உதவித்தொகை போய்விடுமா?

உடல் நலிவாலோ மன நலிவாலோ உழைத்துப் பிழைக்க முடியாமல் போனவருக்கு அமெரிக்க அரசு மாதந்தோறும் உதவித்தொகை தருகிறது. அப்படித் தொகை பெறுபவர் வாரத்தில் சில மணி நேரம் ஒரு கடையிலோ அலுவலகத்திலோ வேலை பார்க்கலாமா? வேலை பார்த்தால் தொகை நின்றுவிடுமா? இந்த அச்சத்தாலேயே, இயன்ற வேலையையும் ஏற்காமல் வீட்டில் இருந்துவிடுவோர் உண்டு. சட்டம் சொல்வதோ வேறு. வேலை பார்ப்பது குற்றமில்லை. வேலைக்கு வரம்பு உண்டு. வேலையைத் தெரிவிக்கும் கடமை உண்டு. அந்த வரம்பு எது என்பது, தொகை எந்தத் திட்டத்திலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது.

திட்டங்கள் இரண்டு. முதலாவது, 1956-இல் அதிபர் ஐசனோவர் காலத்தில் சட்டமான இயலாமைக் காப்பீடு. எஸ்.எஸ்.டி.ஐ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். வேலை பார்த்த காலத்தில் சம்பளத்திலிருந்து பிடித்த வரியே இதற்கான தகுதியைத் தருகிறது. தொடக்கத்தில் 50 வயதைத் தாண்டியவருக்கு மட்டுமே கிடைத்தது. 1960-இல் அந்த வயதுத் தடை நீங்கியது. இரண்டாவது, 1972-இல் சட்டமாகி 1974 ஜனவரியில் நடப்புக்கு வந்த எஸ்.எஸ்.ஐ. இது ஏழ்மையைப் பார்த்துத் தருவது. முன்பு வரி கட்டியிருக்க வேண்டியதில்லை. ஆனால் வருமானமும் சேமிப்பும் மிகக் குறைவாக இருக்க வேண்டும். இரண்டையும் நடத்துவது ஒரே சமூகப் பாதுகாப்பு நிர்வாகம்தான். சம்பளத்தைக் கணக்கிடும் முறையோ இரண்டிலும் முற்றிலும் வேறு.

முதலில் எஸ்.எஸ்.டி.ஐ. கணிசமான சம்பளம் ஈட்டும் அளவுக்கு வேலை பார்க்க இயலாதவர் என்பதே இத்திட்டத்தில் இயலாமைக்கான இலக்கணம். அந்தக் கணிசமான சம்பளத்துக்கு ஆண்டுதோறும் ஓர் எல்லை அறிவிக்கப்படுகிறது. 2025-இல் அது மாதம் 1,620 டாலராக இருந்தது. பார்வையற்றவருக்கு 2,700 டாலர். கையில் வாங்கும் தொகையை வைத்து இது பார்க்கப்படுவதில்லை. வரிப் பிடித்தத்துக்கு முந்தைய முழுச் சம்பளமே கணக்கு.

ஆனால் எல்லையைத் தொட்ட மறுமாதமே தொகை நின்றுவிடுவதில்லை. முதலில் வருவது சோதனைக் காலம். தன்னால் வேலை பார்க்க முடிகிறதா என்று ஒருவர் தன்னையே சோதித்துப் பார்க்க ஒன்பது மாதங்கள் உண்டு. அவை அடுத்தடுத்து வர வேண்டியதில்லை. அறுபது மாதங்களுக்குள் எப்போது வந்தாலும் சேர்த்து எண்ணப்படும். 2025-இல் சம்பளம் 1,160 டாலரைத் தாண்டிய ஒவ்வொரு மாதமும் இதில் ஒன்றாகக் கழிந்தது. இந்த ஒன்பது மாதங்களிலும் எவ்வளவு சம்பாதித்தாலும் உதவித்தொகை முழுதாகவே வரும்.

ஒன்பதும் தீர்ந்த பிறகு 36 மாதப் பாதுகாப்புக் காலம் தொடங்குகிறது. சம்பளம் எல்லைக்குள் இருக்கும் மாதத்தில் தொகை வரும். எல்லையைத் தாண்டும் மாதத்தில் வராது. முதன்முறை தாண்டும்போது மட்டும் அந்த மாதத்துக்கும் அடுத்த இரண்டு மாதங்களுக்கும் சலுகையாகத் தொகை உண்டு. 36 மாதங்களும் முடிந்த பின் எல்லையைத் தாண்டினால் உரிமையே முடிகிறது. முடிந்தாலும் கதவு முழுதாக மூடுவதில்லை. அதே நோயால் மீண்டும் உழைக்க முடியாமல் போனால், ஐந்து ஆண்டுகளுக்குள் விரைவு மீட்புக்கு விண்ணப்பிக்கலாம். அது பரிசீலனையில் இருக்கும்போதே ஆறு மாதம் வரை தற்காலிகத் தொகை கிடைக்கும். மெடிகேர் மருத்துவக் காப்பீடு, சோதனைக் காலம் முடிந்த பின்னும் குறைந்தது 93 மாதங்கள் தொடரும். மாதாந்தர மருந்தை நம்பி வாழ்பவருக்கு அந்தக் காப்பீடு தொகையைவிடப் பெரியது.

பலர் கோரத் தவறும் கழிவு ஒன்றும் உண்டு. வேலை பார்ப்பதற்குத் தேவையாகி, இயலாமையின் காரணமாகக் கைப்பணத்திலிருந்து செய்யும் செலவைச் சம்பளத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். இயலாமைக்கேற்ற சிறப்புப் போக்குவரத்து, சக்கர நாற்காலி, சில மருந்துகள் ஆகியவற்றின் செலவு இதில் அடங்கும். மாதம் 1,750 டாலர் சம்பாதிப்பவர் எல்லையைத் தாண்டியவர் போலத் தெரிவார். அவருக்கு இத்தகைய செலவு 200 டாலர் என்றால் கணக்கில் நிற்பது 1,550 மட்டுமே. அவர் எல்லைக்குள் இருக்கிறார். ரசீது வைத்திருப்பவருக்கே இந்தக் கழிவு கிட்டும்.

இனி எஸ்.எஸ்.ஐ. இங்கே சோதனைக் காலம் கிடையாது. திடீர் நிறுத்தமும் கிடையாது. வேறு வருமானம் இல்லாதவரின் சம்பளத்தில் முதல் 85 டாலரை நிர்வாகம் கணக்கில் சேர்ப்பதில்லை. மிஞ்சியதில் பாதியை மட்டும் உதவித்தொகையிலிருந்து குறைக்கிறது. 2025-இல் தனியாளுக்கான உச்சத் தொகை 967 டாலராக இருந்தது. அந்தக் கணக்கில், ஒருவர் பகுதிநேர வேலையில் 485 டாலர் சம்பாதித்தால் 85 போக 400; அதில் பாதி 200. உதவித்தொகை 767 ஆகக் குறையும். சம்பளத்தோடு சேர்த்தால் கையில் 1,252 டாலர். வேலை பார்க்காமல் இருந்தால் 967 மட்டுமே. தொகை சுழியமாகும் அளவுக்குச் சம்பளம் உயர்ந்தாலும், மாநில வாரியான ஒரு வரம்பு வரை மெடிகெய்ட் மருத்துவ உதவி தொடர வழி இருக்கிறது. சக்கர நாற்காலியில் வருபவருக்குப் படி வேறு, சாய்தளம் வேறு; இரு திட்டங்களும் அப்படித்தான். எஸ்.எஸ்.டி.ஐ. ஒரு படி: சோதனைக் காலமும் சலுகை மாதங்களும் தீர்ந்த பின் எல்லைக்கு மேல் ஒரு டாலர் போனாலும் அந்த மாதத் தொகை முழுதும் போகும். எஸ்.எஸ்.ஐ. ஒரு சாய்தளம்: சம்பளம் ஏற ஏற, தொகை மெல்லக் குறையும்.

சாய்தளத்திலும் ஓர் இடறல் இருக்கிறது. எஸ்.எஸ்.ஐ. பெறும் தனியாளின் சேமிப்பு 2,000 டாலருக்கு மேல் போகக் கூடாது. 1989-இல் வந்த இந்த வரம்பு விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தப்படவே இல்லை. உழைக்கச் சொல்லும் அதே சட்டம், உழைத்ததைச் சேர்க்க விடுவதில்லை. 2014-இல் வந்த ஏபிள் சட்டம் இதற்கு ஓரளவு வழி செய்தது. குறிப்பிட்ட வயதுக்கு முன் இயலாமைக்கு உள்ளானவர்கள் தனிக் கணக்கில் போடும் பணம், ஒரு லட்சம் டாலர் வரை இந்த வரம்பில் சேராது.

இரண்டு திட்டங்களிலும் உண்மையான இடர் வேலையில் இல்லை. வேலையைத் தெரிவிக்காமல் விடுவதில் இருக்கிறது. வேலை தொடங்கியது, நின்றது, சம்பளம் மாறியது எல்லாவற்றையும் தொகை பெறுபவரே நிர்வாகத்துக்குச் சொல்ல வேண்டும். எஸ்.எஸ்.ஐ. பெறுபவர் ஒரு மாதத்துச் சம்பளத்தை அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் உரியதைவிட மிகையாக வந்த தொகை கடனாகச் சேரும். சில சமயம் உரிய நேரத்தில் சொல்லியும், நிர்வாகம் தாமதமாகக் கணக்கிடுவதால் அந்தக் கடன் வளர்கிறது. அந்தக் கடனைத் திருப்பிக் கட்டச் சொல்லி அறிவிப்பு வந்தால் 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தவறு தன்னுடையதல்ல, திருப்பிக் கட்டும் வசதியும் இல்லை என்று காட்டித் தள்ளுபடியும் கேட்கலாம். அப்போது கைகொடுப்பவை சம்பளச் சீட்டின் நகலும், தகவல் கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டும்தான்.

1999 டிசம்பரில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டத்தின் வழியே, தொகை பெறுவோருக்கு வேலைப் பயிற்சியும் வேலை தேடும் உதவியும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சம்பளம் தொகையை எப்படி மாற்றும் என்று கணக்கிட்டுச் சொல்லும் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். வேலையை ஏற்கும் முன் அவர்களைக் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: வரும் தொகை எந்தத் திட்டத்தைச் சேர்ந்தது, சோதனை மாதங்களில் எத்தனை மிச்சம், கழிக்கத்தக்க செலவு எவ்வளவு.