மோட்டரின் முதுகில் ஒரு சிறு பெட்டி



வெங்காயம் திரளும் நாட்களில் கிணற்றடி மோட்டர் எரிந்துவிட்டால், யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு அது வீட்டில் ஒருவர் நோயிற் படுத்ததற்கு ஒப்பாகும். வற்றாத ஆறு ஒன்றுமில்லாத குடாநாட்டில், கிணறு ஒன்றே கதி. துலா மிதித்து நீரிறைத்த காலம் போய்விட்டது. துலா மிதிக்கத் தெரிந்த கால்களும் அருகிவிட்டன. கரையோரத்து ஐஸ் ஆலையில் மோட்டர் நின்றால் மீன் கெடுகிறது; அரிசி ஆலையில் நின்றால் அன்றைய கூலி போகிறது. ஆகவே எரிந்த மோட்டரை அவசரம் அவசரமாகக் கழற்றிக் கொயில் சுற்றுபவரிடம் கொண்டு ஓடுகிறோம். எரிந்தது கொயில், ஆதலாற் குற்றவாளியும் கொயிலே என்று தீர்ப்பளித்து, பணத்தைக் கொடுத்துப் புதிதாகச் சுற்றுவித்து மாட்டுகிறோம். சில மாதங்களில் அதே மோட்டர் மறுபடியும் எரிகிறது.

கொயில் தானாக எரிவதும் உண்டு. ஆயினும் பல வேளைகளில் தீ மூண்ட இடம் வேறு. மோட்டரின் முதுகிலோ விலாவிலோ, கையளவே ஆன ஓர் இணைப்புப் பெட்டி இருக்கிறதல்லவா? அதனுள்ளே வயரும் கொயிலும் சந்திக்கும் அந்தச் சிற்றிடத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில், எரிந்த கொயில் சொல்லும் சாட்சியத்தைக் கேட்போம். மூவவத்தை மோட்டரில், அதாவது வழக்கில் நாம் த்ரீ பேஸ் என்னும் மோட்டரில், மூன்று கொயிற் கூட்டங்கள் உண்டு. மூன்றும் ஒருசேரக் கருகியிருந்தால், பாரம் மிகுந்தது அல்லது அழுத்தம் குறைந்தது என்று ஊகிக்கலாம். நட்சத்திர முறையில் இணைத்த மோட்டரில் இரண்டு கூட்டங்கள் கருகி மூன்றாவது புதுக்கருக்கு அழியாமல் இருந்தால், வரும் மூன்று வழிகளில் ஒன்று அறுந்துபோயிற்று என்பது பொருள். முக்கோண முறையில் இணைத்த மோட்டராயின் ஒரே ஒரு கூட்டம் மட்டும் கருகியிருக்கும். வழி அறுந்தது கம்பத்தின் பியூசிலும் இருக்கலாம், சுவிச்சிலும் இருக்கலாம், இணைப்புப் பெட்டியினுள்ளும் இருக்கலாம். கொயிலைச் சுற்றி மாட்டுமுன் இம்மூன்றையும் பாராதவர், அடுத்த எரிப்புக்கும் அப்போதே நாள் குறிக்கிறார் எனலாம்.

பெட்டியைத் திறந்தால் ஆறு பித்தளை முளைகள் இரு வரிசையில் நிற்கக் காண்கிறோம். மூன்று கொயில்களுக்கும் தொடக்கமும் முடிவுமாக ஆறு முனைகள். கீழ்வரிசையில் மூன்று தொடக்கங்கள் ஒழுங்காக நிற்கின்றன. மேல்வரிசையில் முடிவுகள் அதே ஒழுங்கில் நில்லாமல் ஓரிடம் நகர்ந்து நிற்கின்றன: முதற் கொயிலின் தொடக்கத்துக்கு நேர்மேலே மூன்றாங் கொயிலின் முடிவு; இரண்டாவதின் மேலே முதலாவதின் முடிவு; மூன்றாவதின் மேலே இரண்டாவதின் முடிவு. ஏன் இந்த நகர்வு? நேர்நேராக வைத்திருந்தால், மேலுங்கீழும் தகடு போட்டு இணைக்கும்போது ஒரே கொயிலின் இரு முனைகளும் சேர்ந்து கொயில் பயனற்றுப்போம். ஓரிடம் நகர்த்தியதால், மூன்று சிறு தகடுகளைச் செங்குத்தாகப் போட்டால் முக்கோணம். அவற்றையே மேல்வரிசையிற் கிடையாகப் போட்டால் நட்சத்திரம். குறுக்கே ஓடும் வயர் ஒன்றும் வேண்டாம். இடத்தைச் சுருக்கும் கலையில் இதனினும் அழகிய வேலை ஒன்றை நான் கண்டதில்லை.

ஆயினும் அந்த மூன்று தகடுகளை மாற்றிப் போட்டால் வரும் கேடு பெரிது. நமது நாட்டில் வழிக்கு வழி 400 வோல்ற்று. வழிக்கும் நடுவயருக்கும் இடையே 230. கொயில் 230 வோல்ற்றுக்குச் சுற்றப்பட்டதாயின் நட்சத்திரமே தகும். அதனை முக்கோணத்தில் இணைத்தால் கொயில் விரைவில் எரியும். மறுதலையாக, 400 வோல்ற்றுக் கொயிலை நட்சத்திரத்தில் விட்டுவிட்டால், திருப்புவிசை மூன்றிலொன்றாகக் குறைந்து, பம்பை இழுக்கமாட்டாமல் மோட்டர் முனகிச் சூடேறும். பெயர்ப்பலகையை வாசியாமல் தகட்டைத் தொடலாகாது.

இனி, முளையும் வயரும் தொடும் இடத்தை நோக்குவோம். இரண்டு உலோகங்களை ஒன்றன்மேலொன்று வைத்து இறுக்கினால், பரப்பு முழுவதும் தொடுவதாக நமது கண் எண்ணுகிறது. உண்மை அஃதன்று. எத்துணை மினுக்கிய உலோகமும் நுண்ணிய மேடுபள்ளங்கள் நிறைந்தது; மேட்டோடு மேடு முட்டும் சில புள்ளிகளின் ஊடாகவே மின்னோட்டம் முழுவதும் நெருக்கிக்கொண்டு செல்கிறது. ரக்னர் ஹோம் என்னும் அறிஞர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தப் புள்ளிகளின் ஆராய்ச்சிக்கே செலவிட்டார். இறுக்கம் தளர்ந்தால் புள்ளிகள் குறையும், தடை கூடும், தடை கூடினால் வெப்பம் பிறக்கும், வெப்பத்தாற் செம்பின்மேற் களிம்பு படரும், களிம்பினால் தடை இன்னும் கூடும். இது தன்னைத்தானே வளர்க்கும் நோய்.

ஒரு கணக்குப் பார்ப்போம். பத்துக் குதிரைவலு மோட்டர் ஒன்று முழுப்பாரத்தில் ஏறக்குறைய 15 அம்பியர் எடுக்கும். நல்ல இணைப்பின் தடை ஓர் ஓமின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால், அங்கே பிறக்கும் வெப்பம் கால் வாற்றும் இல்லை. அதே இணைப்புத் தளர்ந்து தடை ஓமின் பத்திலொரு பங்காகிவிட்டால், வெப்பம் இருபத்திரண்டு வாற்றுக்கு மேல். அது ஒரு சிறு பற்றாசுக்கோலின் சூடு. மூடிய பெட்டிக்குள் பற்றாசுக்கோலை இரவும் பகலும் எரியவிட்டால் என்னாகும்? அதுதான் ஆகிறது. அதற்கு முன்னரே, அந்த ஒரு வழியில் அழுத்தம் சற்றுக் குறைந்து, மூன்று வழிகளுக்கும் இடையிலுள்ள சமநிலை கெடுகிறது. அழுத்தத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு சமநிலை கெட்டால், மின்னோட்டத்தில் ஆறு முதற் பத்துப் பங்கு வரை கெடும் என்பது மோட்டர்த் தொழிலில் நன்கறிந்த செய்தி. கொயில் கருகுவது அதன் பின்விளைவே.

மோட்டர் அதிர்கிறது, திருகாணி தளர்கிறது. செம்பும் இறுக்கத்தின் கீழே மெல்ல நசிந்து இடங்கொடுக்கிறது. இதற்கு மருந்தாகவே வில் வொசர் வந்தது. பின்னர், ஜெர்மனியின் மின்டன் நகரில் 1951இல் தொடங்கிய வாகோ நிறுவனம் 1977இல் திருகாணியே இல்லாத கூண்டுவிற் பிடியை அறிமுகப்படுத்தியது. வயர் நசிந்தாலும் வில் பின்தொடர்ந்து சென்று பிடிக்கும், இடமும் குறைவு. உப்புக்காற்று வீசும் ஊரில் அந்த வில் துருப்பிடியாத உருக்காக இருத்தல் வேண்டும் என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

இடத்தைச் சுருக்கும்போது வரும் மெய்யான போர் தூரத்தோடு நடக்கும் போர். ஒரு முளைக்கும் அடுத்த முளைக்கும் இடையே இரண்டு தூரங்கள் உண்டு. காகம் பறக்கும் தூரம் ஒன்று. எறும்பு ஊரும் தூரம் மற்றொன்று. காற்றிடைத் தூரம், ஊர்வுத் தூரம் என்று அவற்றைக் கூறலாம். மின்சாரம் காற்றைப் பிளந்து பாய்வதைவிட, அழுக்கும் ஈரமும் படிந்த காவலியின் மேற்பரப்பில் எறும்புபோல ஊர்ந்து செல்வதையே விரும்பும்.

எத்தனை தூரம் போதும்? சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழு இதற்கு ஓர் அட்டவணை வகுத்திருக்கிறது. அவ்வப்போது பனிப்பு மட்டும் படியும் சுத்தமான இடத்தில், 400 வோல்ற்றுக்கு, சிறந்த காவலிப் பொருளாயின் ஊர்வுத் தூரம் 2 மில்லிமீற்றர் போதும். தாழ்ந்த பொருளாயின் 4. ஈரம்பட்டதும் மின்சாரத்தைக் கடத்தும் தூசு நிறைந்த இடத்தில், சிறந்த பொருளுக்கு 5 மில்லிமீற்றர்; தாழ்ந்ததற்கு 6.3. ஒரே மோட்டர், ஒரே அழுத்தம். ஊர் மாறியதும் தூரம் இரண்டரை மடங்காகிறது.

நமது ஊர் எவ்வகையைச் சேர்ந்தது? கடலிலிருந்தோ கடனீரேரியிலிருந்தோ பத்துக் கிலோமீற்றருக்கு அப்பாற்பட்ட கிராமம் குடாநாட்டில் இல்லை. சோழகம் வீசும் மாதங்களில் வலிகாமத்துச் செம்மண் தூள் பறந்து எல்லாத் துவாரங்களிலும் புகுகிறது. அதன்மேல் உப்பு படிகிறது. கறியுப்பு காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு எழுபத்தைந்தைத் தாண்டியதும் கசிந்து நீராகும். கடலுப்பிற் கலந்துள்ள மக்னீசியம் குளோரைட்டோ அதனினும் எவ்வளவோ உலர்ந்த காற்றிலேயே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பின்னர் வாடைக் காற்றும் மாரி மழையும் வந்து மிச்சத்தைச் செய்து முடிக்கின்றன. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் இயங்கத் தொடங்கி 1990இல் போரினால் மூடப்படும்வரை, கடற்காற்றும் சீமெந்துத் தூளும் ஒருங்கே சூழ்ந்த இடம் அது. அத்தகைய இடத்தில் நிற்கும் மோட்டரின் பெட்டிக்கு அட்டவணையின் எந்தப் பக்கம் பொருந்தும் என்று விளக்க வேண்டியதில்லை.

காவலிப் பொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய மோட்டர்களில் முளைகளைத் தாங்கும் கட்டை பெரும்பாலும் பேக்கலைற்று. பெல்ஜியத்திற் பிறந்த பேக்லண்ட் அமெரிக்காவில் 1907இற் கண்ட பொருள் அது. உறுதியானது, சூட்டுக்கும் அஞ்சாது. ஆனால் மேற்பரப்பிற் சிறு பொறி ஒன்று ஓடினால் அது கரியாகும். கரி மின்சாரத்துக்கு வழிவிடும். அடுத்த பொறி அதே வழியால் ஓடும். கண்ணாடி இழை கலந்த பொலியெஸ்ரர்ப் பொருள் இவ்வகையில் மிக மேலானது. இதனைச் சோதிக்கும் முறையும் எளிது: இரு மின்வாய்களுக்கு இடையே நவச்சாரக் கரைசலை ஐம்பது துளி ஒவ்வொன்றாக விட்டு, எந்த அழுத்தம் வரை கரிப்பாதை உண்டாகவில்லை என்று பார்ப்பது.

தூரத்தைக் கூட்டாமல் ஊர்வுத் தூரத்தைக் கூட்ட, கட்டையிற் பள்ளமும் வரம்பும் வைப்பார்கள். எறும்பு பள்ளத்தில் இறங்கி ஏறவேண்டுமல்லவா? ஆனால் தூசு மிகுந்த இடத்திற் பள்ளத்தின் அகலம் ஒன்றரை மில்லிமீற்றருக்குக் குறைந்தால் அதனைக் கணக்கிற் சேர்க்கலாகாது. தூசு அதனை நிரப்பிப் பாலம் போட்டுவிடும். இதனை மறந்து வரைந்த கட்டைகள் தாளில் அழகாயிருக்கும்.

பெட்டி சிறுத்ததால் வரும் இன்னொரு துன்பம் நமது தோட்டங்களுக்கே உரியது. மீற்றர் பெட்டி வீட்டுச் சுவரில். கிணறோ தோட்டத்தின் கோடியில். 8 அம்பியர் எடுக்கும் தனி அவத்தைப் பம்புக்கு, 100 மீற்றர் தூரம், 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் இழுத்தால், வழியிலேயே ஏறக்குறைய 20 வோல்ற்று போய்விடும். ஓடத் தொடங்கும் கணத்தில் மின்னோட்டம் பன்மடங்காகும்போது மோட்டர் அசையவே மறுக்கும். இதனை அனுபவத்தால் அறிந்த தோட்டக்காரர் 6 சதுர மில்லிமீற்றர் வயர் வாங்குகிறார். இழப்பு 5 வோல்ற்றாகக் குறைகிறது. அவர் செய்தது முற்றிலும் சரி. ஆனால் பெட்டியின் வாயோ மெல்லிய வயருக்கென்று அமைந்தது. தடித்த வயர் உள்ளே வளையாது, முளைக்கும் அடங்காது. வேலைசெய்பவர் ஏழு இழைகளில் நான்கை வெட்டி எறிந்து மூன்றை மட்டும் சுற்றிவிடுகிறார். நூறு மீற்றருக்குப் பணம் கொட்டி வாங்கிய செம்பு, கடைசி ஓர் அங்குலத்தில் வீணாகிறது; சூடும் அங்கேதான் பிறக்கிறது. பெட்டியை வரைந்தவர், மீற்றருக்கு அருகிலேயே மோட்டர் நிற்கும் என்று எண்ணி வரைந்திருக்கிறார். அவரை நோவதில் முழு நியாயமில்லை. நமது தோட்டத்தின் நீளத்தை நாம் எவருக்கும் சொல்லவில்லையே.

ஆகையால் அதனை இங்கேயே வரையலாகாதா என்பது எனது கேள்வி. மோட்டரை இங்கே செய்வது பெருங்காரியம். அதன் இணைப்புக் கட்டையும் பெட்டியும் சிறு பட்டறைக்கு அடங்கும் காரியம். அச்சுவேலியில் 1971இல் அமைந்து, போர்க்காலத்தில் அழிந்து, 2014இல் மீண்டும் திறக்கப்பட்ட கைத்தொழிற்பேட்டை இருக்கிறது. சூடாக்கிய உருக்கு அச்சில் பொலியெஸ்ரர்ப் பிசினை அழுத்தி எடுப்பதுதான் வேலை. செலவு பெரும்பாலும் அச்சிலேயே. நான் கேட்பது இவ்வளவே: முளைகளுக்கிடையே ஊர்வுத் தூரம் 6.3 மில்லிமீற்றருக்குக் குறையாமை. பள்ளம் 3 மில்லிமீற்றர் அகலம். 6 சதுர மில்லிமீற்றர் வயர் முழுதாகப் புகுந்து வளைய இடம். வெள்ளீயம் பூசிய பித்தளை முளை. வயர் கீழிருந்து நுழைய வாய். உள்ளே பனிக்கும் நீர் வடிய அடியில் ஒரு சிறு துளை, அதற்குப் பல்லியும் எறும்பும் புகாத வலை. மூடியின் திருகாணிகள் கழன்றாலும் மூடியைவிட்டு விழாதவையாக இருக்கட்டும். புல்லுக்குள் தொலைந்த இரண்டு திருகாணிகளால் வாய்பிளந்து கிடக்கும் மூடிகள் நமது கிணற்றடிகளில் அனேகம். நில இணைப்பு முளை பெட்டிக்குள்ளேயே நிற்கட்டும். அதற்குச் செல்லும் வயர் மற்றவற்றைவிடச் சற்று நீளமாயிருக்கட்டும். எவரேனும் வயரைப் பிடித்து இழுத்துவிட்டால், ஈரத்தில் வெறுங்காலோடு நிற்பவரைக் காக்கும் அந்த ஒரு வயர் கடைசியாக அறவேண்டும்.

செய்த பெட்டியைச் சோதிக்கவும் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஐப்பசியில் வாடை தொடங்குமுன் ஆறு பெட்டிகளைக் காங்கேசன்துறைக் கரையில் ஒரு கம்பத்திற் பூட்டி, தை பிறந்ததும் துடையாமல் இறக்கி, 500 வோல்ற்று மெகர் கொண்டு முளைக்கு முளை அளக்க வேண்டும். ஒன்றிலேனும் காவலித்தடை ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால், அச்சைத் திருத்தி அடுத்த ஐப்பசிக்கு மறுபடியும் பூட்டலாம்.