முடியாத படத்தின் கணக்கு



கரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த ஜான் தாமஸ், ஏழுமலை இருவரின் நினைவாகப் பேச அழைத்திருக்கிறீர்கள். நாங்கள் பேச்சாளர்கள் அல்ல. கேமரா பிடிப்பவர், எடிட்டிங் செய்பவர், வசூல் நோட்டைச் சுமப்பவர் என்று ஒரு சின்னக் குழு. செங்கல்பட்டுப் பக்கத்துப் பஞ்சமி நிலம் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கிறோம். "எடுக்கிறோம்" என்று சொல்லத் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இன்னும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆகவே இன்று படத்தைப் பற்றி அல்ல, அது ஏன் முடியவில்லை என்பதைப் பற்றிப் பேசுகிறோம்.

மாணவத் தோழர்களுக்காக ஒரு சுருக்கம். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராகப் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அதைத் தொடர்ந்து 1892இல் சென்னை மாகாண அரசு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதற்குப் பின்னும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இந்த ஆணை பிறக்கக் காரணமான மாவட்டத்திலேயே அந்த நிலம் இன்று யார் கையில் இருக்கிறது என்பதுதான் எங்கள் படம்.

பணத்துக்கு எங்கே போவது? பொத்தேரி ரயில் நிலையத்துக்கு வெளியே, கல்லூரி விட்டு மாணவர் கூட்டம் வரும் மாலை நேரத்தில் துண்டேந்தினோம். சேரிகளில் பழைய படங்களைத் திரையிட்டு உண்டியல் வைத்தோம். இணையத்திலும் கேட்டோம். இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. ஜான் ஆபிரகாமும் ஒடெஸா தோழர்களும் கேரளக் கிராமங்களில் பறையடித்து, படம் காட்டி, மக்களிடம் காசு திரட்டித்தான் 1986இல் 'அம்ம அறியான்' எடுத்தார்கள். அதற்குப் பத்தாண்டு முன்பு, குஜராத்தின் ஐந்து லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டு ஷ்யாம் பெனகலின் 'மந்தன்' உருவானது. ஆனால் அங்கே காசை வசூலித்துக் கொடுக்கக் கூட்டுறவு என்ற பெரிய அமைப்பு இருந்தது. எங்களிடம் இருந்தது ஒரு நாற்பது பக்க நோட்டு.

அந்த நோட்டில் ஐம்பது ரூபாய், நூறு ரூபாய்தான் அதிகம். மறைமலை நகர்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த தோழர்கள் மாதாமாதம் கொடுத்தார்கள். வேலை போன பிறகும் இரண்டு மாதம் கொடுத்தார்கள். "வேண்டாம் தோழர்" என்று நாங்கள்தான் நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது.

படப்பிடிப்புக்குப் பணம் வரும், தோழர்களே. கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போனால் நாலு பேர் பார்ப்பார்கள், போட்டோ எடுத்துப் போடுவார்கள், உண்டியல் நிறையும். அதன் பிறகுதான் கஷ்டம். நூறு மணி நேரத்துக்கு மேல் பதிவு இருக்கிறது. அத்தனை பேச்சையும் கேட்டு, எழுத்தில் இறக்கி, எது எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்க வேண்டும். இதே பொத்தேரியில் ஒரு வாடகை அறையில் இரண்டு பேர் எட்டு மாதம் அந்த வேலையைச் செய்தார்கள். அதைப் போட்டோ எடுத்துப் போட முடியாது. "இந்த மாதம் எழுபது பக்கம் டைப் செய்தோம், பணம் கொடுங்கள்" என்று யாரிடம் கேட்பது? ஒலியைச் சுத்தம் செய்யப் பணம், சப்டைட்டிலுக்குப் பணம். ஒரு ஹார்டு டிஸ்க் செத்துப்போய்ப் பதினோரு நாள் படப்பிடிப்பு காணாமல் போனது. இன்னொரு பிரதி எடுத்துவைக்கக் காசில்லை என்று தள்ளிப்போட்டதன் பலன் அது. படம் எடுக்கப்போகும் மாணவர்கள் கேமரா வாங்குமுன் இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்குங்கள்.

நிலமும் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. முதல் ஆண்டு நாங்கள் எடுத்த தரிசு, மூன்றாம் ஆண்டு கல் நட்ட மனைப்பிரிவு. ஐந்தாம் ஆண்டு காவலாளி நிற்கும் கேட். ஒவ்வொரு மாற்றத்தையும் எடுக்கப் போனோம். ஒவ்வொரு முறையும் படத்தின் முடிவு தள்ளிப்போனது. நீதிமன்றத்தில் ஒரு வழக்கு இருந்தது, தீர்ப்பு வரட்டும் என்றோம்.

யாராவது கேட்டால் சொல்ல எங்களிடம் ஒரு பதில் தயாராக இருந்தது: ஆனந்த் பட்வர்தன். 1997 ஜூலை 11 அன்று மும்பை ரமாபாய் நகரில் போலீஸ் சுட்டுப் பத்துப் பேர் இறந்தார்கள். அந்தத் துயரத்தில் பாடகர் விலாஸ் கோக்ரே தூக்கிட்டுக்கொண்டார். அங்கே தொடங்கிய 'ஜெய்பீம் காம்ரேட்' முடிய 14 ஆண்டுகள் ஆயின. "அவருக்கே பதினான்கு, எங்களுக்கு ஆறுதானே" என்போம். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நாங்கள் ஒளிந்தோம் என்று இப்போது தோன்றுகிறது. ஏனென்றால் அந்தப் பதினான்கு ஆண்டுகளுக்குள்ளேயே அவர் அணு ஆயுதங்களுக்கு எதிரான 'வார் அண்ட் பீஸ்' படத்தை முடித்து, 2002இல் வெளியிட்டார். அவர் சும்மா காத்திருக்கவில்லை. நாங்கள் காத்திருந்தோம்.

நம் பக்கத்திலேயே வேறு உதாரணங்கள் இருந்தன. ஆர்.பி. அமுதன் 2003இல் எடுத்த 'பீ' அரைமணி நேரம்கூட ஓடாது. மதுரையில் ஒரு தெரு, ஒரு பெண், அவர் தினமும் அள்ளும் மலம், அவ்வளவுதான். பார்த்தவர் மறப்பதில்லை. நாங்கள் மாவட்டம் முழுவதையும் ஒரே படத்தில் அடைக்க ஆசைப்பட்டோம். ஆசை தவறில்லை. மக்கள் காசில் அந்த ஆசையை வளர்த்ததுதான் தவறு.

திவ்யபாரதியின் 'கக்கூஸ்' நண்பர்கள், தோழர்களின் காசில் உருவான படம். 2015இல் மதுரையில் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய இரண்டு தொழிலாளர்கள் இறந்ததிலிருந்து தொடங்கி, 2017 தொடக்கத்தில் படம் வந்துவிட்டது. அதன் பிறகு நடந்ததும் உங்களுக்குத் தெரியும். திரையிடப் பல இடங்களில் போலீஸ் விடவில்லை. படம் யூடியூபில் ஏறியது. மிரட்டல் அழைப்புகள் வந்தன. 2017 ஜூலையில் அவரைக் கைது செய்தார்கள். காட்டிய காரணம், மாணவியாக இருந்தபோது 2009இல் கலந்துகொண்ட ஒரு போராட்ட வழக்கு. நம் போன்றவர்களின் படங்களுக்கு முடிப்பது ஒரு சண்டை, காட்டுவது அடுத்த சண்டை.

தணிக்கைச் சான்று இல்லாமல் பொதுவில் திரையிடக் கூடாது என்கிறது 1952ஆம் ஆண்டுச் சட்டம். ஆவணப்படத்துக்கும் விலக்கு இல்லை. கே.ஏ. அப்பாஸ் தன் சின்ன ஆவணப்படம் ஒன்றுக்காக உச்ச நீதிமன்றம்வரை போனார். முன்தணிக்கை செல்லும் என்று 1970இல் தீர்ப்பு வந்தது. முன்பெல்லாம் வாரியம் மறுத்தால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் என்று ஒன்றிருந்தது. 2021இல் அதையும் கலைத்துவிட்டார்கள். இனி உயர் நீதிமன்றம்தான். நூறு ரூபாய் நோட்டுகளாகச் சேர்த்த பணத்தில் வக்கீல் பீஸ் கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம்விடக் கனமானது ஒன்று உண்டு. பேட்டி கொடுத்த ஒருவர் நான்காம் ஆண்டில் எங்களைத் தேடி வந்து, "தம்பி, என் மூஞ்சி வேணாம்பா" என்றார். அவருடைய மகனுக்கு வேலை கொடுத்திருப்பவர், அவர் பேட்டியில் குற்றம்சாட்டிய குடும்பத்தைச் சேர்ந்தவர். உடனே முடித்திருந்தால் அவர் துணிச்சலாகப் பேசிய காலத்திலேயே படம் வெளிவந்திருக்கும் என்று எங்களில் சிலர் வாதாடினார்கள். வெளிவந்திருந்தால் அந்த மகனுக்கு வேலையே கிடைத்திருக்காது என்றார்கள் மற்றவர்கள். இரண்டும் உண்மைதான். அவர் பகுதியை எடுத்துவிட்டோம். படத்தின் மிக வலுவான ஏழு நிமிடங்கள் அவை.

ஓர் ஆயா இருந்தார். தன் மாமனார் பெயரில் இருந்த நிலம் எப்படிக் கைமாறியது என்று, வரப்பில் நின்று கை நீட்டிக் காட்டியபடியே சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, சுருக்குப் பையிலிருந்து இருபது ரூபாய் எடுத்து உண்டியலில் போட்டார். நாங்கள் தடுத்தோம். "ஏன், என் படத்துக்கு நான் குடுக்கக் கூடாதா?" என்றார். அதன் பிறகு போகும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: "இன்னா கண்ணு, படம் முடிஞ்சிதா?" ஒரு கட்டத்தில் அந்தத் தெரு வழியாகப் போவதையே தவிர்த்தோம். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. போன தை மாதம் அவர் இறந்துபோனார். அவர் பேசியது 42 நிமிடங்கள் எங்களிடம் இருக்கிறது. அவரோ அதில் ஒரு நிமிடத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அந்தச் சாவுக்குப் போய்விட்டு வந்த அன்றிரவு சில முடிவுகள் எடுத்தோம். தீர்ப்புக்குக் காத்திருக்கப் போவதில்லை. படம் ஒரே ஒரு கிராமத்தின் கதையாகச் சுருங்கும். மற்ற ஊர்களின் பேட்டிகளை வெட்டி, அந்தந்த ஊர் மக்களிடமே பிரதியாகக் கொடுத்துவிடுவோம். நில மீட்பு வேலையில் அவர்களுக்கு அது பயன்படலாம். வரவு செலவுக் கணக்கை எழுதி, கொடுத்தவர்கள் பார்க்கும்படி வைக்கிறோம். வீணான பணமும், செத்துப்போன அந்த ஹார்டு டிஸ்க்கும் அதில் இருக்கின்றன. நகல்கள் இந்த அரங்கின் வாசலில் கிடைக்கும்.

இப்போது 68 நிமிடத்துக்கு ஒரு தொகுப்பு தயாராக இருக்கிறது. ஒலி வேலை பாக்கி, சப்டைட்டில் பாக்கி. இன்று உண்டியல் கொண்டுவரவில்லை. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு எழுதத் தெரிந்த மாணவர்கள் நான்கு பேர், மாலை நேரத்தில் அறைக்கு வந்தால் போதும். முதல் திரையிடல் ஆயாவின் தெருவில். அவர் வீட்டு வெளிச்சுவரில் திரை கட்டிக்கொள்ளச் சொல்லி அவருடைய மகள் சம்மதித்திருக்கிறார். அங்கிருந்து நிலம் கூப்பிடு தூரம்.

ஜெய்பீம்.