முதல் மூவாயிரம் ரூபாய்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூட்டுறவு சங்கத்தில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர் என்று செயலாளர் என்னை அறிமுகம் செய்தார். அவர் பெரிய மனசு பண்ணிச் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. நம் சங்கத்து ஆட்கள் நாலு பேருடைய பணம் என்னால் போயிற்று.

2009-ஆம் வருஷம். பத்திரிகையில் ஒரு வரி விளம்பரம். வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் டைப் செய்து மாதம் பதினைந்தாயிரம் சம்பாதிக்கலாம் என்று. மகள் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கோ இங்கிலீஷ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். விடுவேனா? ஆறாயிரம் டெபாசிட் கட்டினேன். ஒரு சி.டி. கொடுத்தார்கள். ஏதோ பழைய புத்தகத்தின் பக்கங்களைப் படம் பிடித்து வைத்திருந்தார்கள். பார்த்து அப்படியே அடித்து, பதினைந்து நாளில் ஈமெயிலில் அனுப்ப வேண்டும். ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து அடித்து அனுப்பினேன். மூவாயிரம் ரூபாய்க்குச் செக் வந்தது. பாஸும் ஆயிற்று.

அந்த வருஷக் கூட்டத்தில், இதே மண்டபத்துக்கு வெளியே டீ குடிக்கும்போது, பாஸ்புக்கை எடுத்துக் காட்டினேன். காட்டாமல் இருக்க முடியவில்லை. "அண்ணே, நீங்க சொன்னா சரியாத்தான்ணே இருக்கும்" என்றார் ஓர் இளையவர். நாலு பேர் கட்டினார்கள். அதில் ஒருவர் வீட்டம்மாவின் தோட்டை அடகு வைத்துக் கட்டினார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது சி.டி.யோடு கதை மாறியது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாக இருக்க வேண்டுமாம். ஸ்பேஸ் இரண்டு தடவை தட்டினால் பிழை. அச்சிலேயே இருந்த தப்பை நான் திருத்தினால் அதுவும் பிழை! எங்கள் ஐந்து பேருக்கும் ஒரே பதில், தேர்ச்சி இல்லை என்று. டெபாசிட்டைத் திருப்பிக் கேட்டதற்கு, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், நஷ்ட ஈடு கட்டுங்கள் என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒரு கடிதம் வந்தது. கொஞ்ச நாளில் அந்த ஆபீஸே பூட்டிக் கிடந்தது.

கணக்கு எழுதுகிறவன் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவே இல்லை. நான் அடித்த பக்கங்களைக் காசு கொடுத்து யார் வாங்கினார்கள்? அப்படி ஒருவர் இருந்ததாக இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அப்படியானால் அந்த மூவாயிரம்? என் ஆறாயிரத்திலிருந்தே எடுத்து எனக்குக் கொடுத்தது. அது கூலி இல்லை ஐயா. நாலு பேரைக் கூட்டிவர எனக்குக் கொடுத்த கமிஷன்.

அமெரிக்காவில் 1999-இல் ஆல்அட்வான்டேஜ் என்று ஒரு கம்பெனி வந்தது. கம்ப்யூட்டர் திரையில் விளம்பரப் பட்டை ஓடவிட்டால் மணிக்கு 50 சென்ட் தருகிறோம் என்றார்கள். சேருகிறவரிடம் காசு வாங்கவில்லை. அப்படி நடத்தியவர்களுக்கே விளம்பர வருமானம் கட்டுப்படியாகாமல் 2001-இல் மூட வேண்டியதாயிற்று. நம் நாட்டில், நொய்டாவில், சோஷியல் டிரேட் என்ற பெயரில் 5,750 முதல் 57,500 ரூபாய் வரை கட்டச் சொல்லி, ஒரு கிளிக்குக்கு 5 ரூபாய் என்றார்கள். 2017 பிப்ரவரியில் கைது நடந்தபோது போலீஸ் சொன்ன தொகை சுமார் 3,700 கோடி. பணம் கட்டியவர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல். புதிதாகக் கட்டியவர் பணத்தைத்தான் பழையவருக்குக் கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ஒரு கிளிக்கை ஐந்து ரூபாய்க்கு வாங்க எந்த வியாபாரிக்குக் கட்டும், சொல்லுங்கள்!

தம்பிகளே, தங்கச்சிகளே, உங்களுக்கு இப்போது சி.டி. வராது. வாட்ஸ்அப்பில், டெலிகிராமில் வரும். வீடியோவுக்கு லைக் போடு, நூற்றைம்பது ரூபாய் என்பார்கள். உடனே வந்தும் விடும். பிறகு, ஆயிரம் கட்டினால் ஆயிரத்து முந்நூறு என்பார்கள். திரையில் தொகை ஏறிக்கொண்டே போகும். எடுக்கப் போனால், வரி கட்டு, அபராதம் கட்டு என்பார்கள். இன்னொன்றும் நடக்கிறது. உன் பேங்க் கணக்கை மட்டும் கொடு, மாதம் இவ்வளவு தருகிறோம் என்று மாணவர்களிடம் கேட்கிறார்கள். கொடுத்தால், ஊரில் எவரிடமோ ஏமாற்றிய பணம் உங்கள் பெயரில் வந்து இறங்கும். போலீஸ் முதலில் தேடி வருவது உங்களைத்தான். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு ஒளித்து வைக்காதீர்கள். 1930-க்கு அன்றைக்கே, அந்த நேரமே போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் எதிராளி கணக்கில் இருக்கிற பணத்தை நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. நான் வெட்கப்பட்டுக்கொண்டு ஆறு மாதம் வாயைத் திறக்கவில்லை.

தோட்டை அடகு வைத்தவருக்கு மட்டும் மாதம் ஐந்நூறாகப் பன்னிரண்டு மாதம் கொடுத்துத் தீர்த்தேன். இரண்டு பேர் "விடுங்கண்ணே" என்று வாங்க மறுத்துவிட்டார்கள். நாலாமவர் அதற்குப் பிறகு கூட்டத்துக்கே வருவதில்லை. இந்தத் தடவை பெயர் கொடுத்திருப்பதாகச் செயலாளர் சொன்னார். மேடையிலிருந்து பார்க்கிறேன். கண்புரை ஆபரேஷனை நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வருவதால் முகம் பிடிபடவில்லை. வந்திருந்தால், தம்பி, பந்தியில் என் பக்கத்தில் உட்காருங்கள். கவரில் ஆறாயிரம் வைத்திருக்கிறேன்.