ஒரு நாள் நடை



நம் கடலோரக் கத்தோலிக்கர்கள் சந்தியாகப்பர் என்று வணங்கும் புனிதருக்குத் தங்கச்சிமடத்தில் பழைய கோயில் இருக்கிறது. அவருடைய கல்லறை ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா நகரில் இருப்பதாக நம்பி, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் நடந்து போகிறார்கள். அந்தப் பாதையைக் காமினோ என்பார்கள். ஸ்பானிய மொழியில் அதற்கு வழி என்றுதான் பொருள். 2024இல் மட்டும் ஏறக்குறைய 5 லட்சம் பேர் அந்த நகருக்குப் போய்ச் சேர்ந்து தங்கள் பெயரைப் பதிந்திருக்கிறார்கள்.

முழு வழியையும் விட்டுவிட்டு, அதில் ஒரே ஒரு நாள் நடையை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். பிரான்சின் சான் ழான் பியே த போர் என்ற சிற்றூரில் தொடங்கி, பிரனே மலையைத் தாண்டி, ஸ்பெயினின் ரொன்செஸ்வாயெஸில் முடிகிற நடை அது. தூரம் சுமார் 25 கிலோமீட்டர். ஏறத்தாழ 170 மீட்டர் உயரத்தில் கிளம்புகிறவர் 1,430 மீட்டர் வரை ஏறி, மறுபுறம் 950 மீட்டருக்கு இறங்க வேண்டும். தொடங்கும் ஊரின் பெயரே கணவாயின் அடிவாரம் என்றுதான் பொருள்படும்.

விடியற்காலையில் கல் பாவிய சரிவுத் தெருவில் இறங்கி, நீவ் ஆற்றுப் பாலத்தைக் கடந்து, ஸ்பெயின் வாசல் வழியாக வெளியேறுகிறார்கள். வாசலைத் தாண்டியதுமே ஏற்றம். தார்ச்சாலைதான், ஆனால் முழங்கால் நெஞ்சில் இடிக்கும். நடக்கத் தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்பது இந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். புதியவர் முன்னால் போகிறவரைப் பிடிக்கப் பார்ப்பார். பழகியவர் அடியைச் சிறிதாக்கிக்கொண்டு, பேச்சுத் தடைபடாத வேகத்தில் போவார். முதுகுப்பையின் கனம் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது இவர்களிடையே வழங்கும் கணக்கு.

எட்டாவது கிலோமீட்டரில் ஓரிசோன் என்ற தங்குமிடம். அதற்கு மேல் மரங்கள் குறைந்து புல்வெளி விரிகிறது. மணி கட்டிய ஆடுகள், தலைக்கு மேல் வட்டமிடும் பிணந்தின்னிக் கழுகுகள், பாறை மேல் சிறிய மாதா சுரூபம். எல்லையை எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாந்துபோவார். அங்கே இருப்பது மாடுகள் தாண்டாதிருக்கப் போட்ட கம்பிக்கட்டுத்தான். அதன் பக்கத்தில் ஒரு நீரூற்று, ரோலந்தின் பெயரால்.

ரோலந்த், சார்லமேன் பேரரசரின் தளபதிகளில் ஒருவர். 778இல் படை திரும்பிக்கொண்டிருந்தபோது, அதன் பின்படையை இந்த மலையின் பாஸ்க் மக்கள் மறித்து அழித்தார்கள், ரோலந்தும் மாண்டார். 12ஆம் நூற்றாண்டில் யாத்திரிகருக்கென எழுதப்பட்ட லத்தீன் வழிகாட்டி நூலும் இந்தப் பக்கத்துச் சுங்கக்காரர்கள் வழிப்போக்கரை மிரட்டிப் பணம் பறிப்பதாகத் திட்டித் தீர்க்கிறது. வெளியூர்க்காரன் என்றால் கொல்லவும் பறிக்கவும் துணிந்த மலை இது.

அதே நூற்றாண்டில், அதே மலையின் தென்சரிவில், பாம்ப்லோனா ஆயர் ரொன்செஸ்வாயெஸில் சத்திரம் ஒன்றை நிறுவினார். அதைப் புகழும் இடைக்கால லத்தீன் பாடல் ஒன்று இருக்கிறது. கிறிஸ்தவருக்கு மட்டுமல்லாமல் யூதருக்கும் பிற சமயத்தாருக்கும் அதன் கதவு திறந்திருந்ததாகவும், வந்தவர்களின் காலைக் கழுவிவிட்டதாகவும் அது சொல்கிறது. வழியிலேயே இறந்தவர்களை அடக்கம் செய்வதற்கென்று தனிச் சிற்றாலயமும் அங்கே உண்டு. எல்லாரும் மறுநாள் எழுந்து நடந்தவர்கள் அல்லர்.

நான் சொல்ல வந்தது இதைத்தான். ஒரு நாள் நடையின் நீளம் நடப்பவரின் கால்வலுவை மட்டும் பொறுத்ததன்று. அடுத்த கூரை எங்கே இருக்கிறதோ அங்கேதான் அன்றைய நடை முடிகிறது. ஆகவே நடை என்ற இந்தக் கலையில் பாதி நடப்பவருடையது. மறு பாதி, நடக்காமல் காத்திருப்பவருடையது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் இன்றைய நடையில் ஒரு குறை தெரிகிறது. படுக்கையை முன்பதிவு செய்து, பையை வண்டியில் அனுப்பிவிட்டு நடப்பவர்கள் பலர். முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அது உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் இடம் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற கவலையோடு ஒரு கதவைத் தட்டுகிற அனுபவம் அவர்களுக்கு வாய்ப்பதில்லை. இன்னொரு குறை, இந்த ஏற்றத்தை வீரப் போட்டியாக நினைப்பது. பனியில் உயிர்கள் போனதால் நவார்ரா அரசு நவம்பர் முதல் மார்ச் வரை இந்த மேல்வழியை மூடிவிடுகிறது; அப்போது வால்கார்லோஸ் பள்ளத்தாக்கு வழியாகத்தான் போக வேண்டும். திரும்பத் தெரிவதும் நடையில் ஒரு தேர்ச்சிதான்.

நிறைவும் இல்லாமலில்லை. உச்சியிலுள்ள லெபோதெர் கணவாயிலிருந்து பீச் மரக் காட்டுக்குள் செங்குத்தாக இறங்கி, முழங்கால் கெஞ்ச, மாலையில் ரொன்செஸ்வாயெஸை அடைகிறவரை இன்றும் தொண்டர்கள் எதிர்கொள்கிறார்கள். அவர் கையிலுள்ள யாத்திரிகர் அட்டையில் முத்திரை குத்திப் படுக்கையைக் காட்டுகிறார்கள். இரவுத் திருப்பலியின் முடிவில் குருவானவர் அவருக்கு ஆசி வழங்குகிறார். விடிந்தால் பாதையோரப் பலகை சந்தியாகோவுக்கு இன்னும் 790 கிலோமீட்டர் என்கிறது.

இறங்குவதற்கு இன்னொரு வழியும் உண்டு. கொஞ்சம் சுற்று, ஆனால் சரிவு குறைவு. அது இபான்யெத்தா மேட்டின் வழியாகப் போகிறது. அந்த மேட்டில் ஒரு சிற்றாலயம். முற்காலத்தில் மூடுபனி இறங்கிய நாட்களில் அங்கே மணி அடித்துக்கொண்டே இருப்பார்களாம். மலையில் யாராவது வழி தவறியிருக்கிறார்களா என்பது மணி அடிப்பவருக்குத் தெரியாது. ஆனாலும் அடித்தார்.